செல்போன் திரை கறுத்துப் போனால் செய்ய வேண்டியவை

பயிரின் இலை மஞ்சளாவதற்குக் காரணம் ஒன்றல்ல. தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம். வயலில் நீர் தேங்கி வேர் மூச்சுத் திணறுவதாக இருக்கலாம். வேரழுகல் நோயாகவும் இருக்கலாம். காரணத்தை அறியாமல் யூரியாவை வாரி இறைத்தால் செலவுதான் மிஞ்சும். செல்போனின் திரை திடீரென்று கறுத்து, தொட்டாலும் அசைவின்றிக் கிடப்பதும் இதைப் போன்றதே. வெளியே தெரியும் அறிகுறி ஒன்று. உள்ளே காரணங்கள் பல. அவற்றுள் சில, காசு செலவின்றி வீட்டிலேயே கால் மணி நேரத்தில் சரியாகக் கூடியவை.

செல்போன் இன்று மண்வெட்டி, தெளிப்பான் போல உழவுக் கருவிகளுள் ஒன்றாகிவிட்டது. தமிழக அரசு 2018-ஆம் ஆண்டு கொண்டுவந்த உழவன் செயலி, 2019-இல் வந்த மேகதூத் வானிலைச் செயலி ஆகியவை அதில்தான் உள்ளன. மானியம், வங்கிக் கணக்கு முதலியவற்றுக்கான ஒருமுறை கடவு எண் அதற்குத்தான் வருகிறது. தோட்டத்து மோட்டாரை வீட்டிலிருந்தே இயக்கி நிறுத்துவோரும் உளர். இரவு மோட்டாரைப் போட்டுவிட்டு வந்த பின் திரை கறுத்துப் போனால், கிணற்று நீர் வற்றி மோட்டார் வெறுமனே ஓடிக் காயில் எரியும் நிலைகூட ஏற்படலாம். ஆகவே பதற்றமின்றி, ஒன்றன்பின் ஒன்றாகச் சோதிக்கும் முறையை அறிந்திருப்பது நலம்.

முதல் சோதனை: உயிர் இருக்கிறதா?

வேறொரு செல்போனிலிருந்து பழுதான செல்போனின் எண்ணை அழைக்க வேண்டும். மணி அடித்தாலோ, மேசைமீது வைத்த செல்போன் அதிர்ந்தாலோ அதற்கு உயிர் இருக்கிறது. பழுது பெரும்பாலும் திரையில்தான். செல்போனில் ஒலி எழாவிட்டாலும் அழைப்பவர் காதில் மணியோசை கேட்டால், அது ஒலி அடக்கி வைக்கப்பட்டிருக்கலாம் அல்லது உள்ளே செயலி சிக்கி உறைந்து போயிருக்கலாம். 'அணைத்து வைக்கப்பட்டுள்ளது' என்றோ, 'தொடர்பு கொள்ள இயலவில்லை' என்றோ அறிவிப்பு வந்தால் பேட்டரி, சார்ஜர் ஆகியவற்றின்மேல் ஐயம் கொள்ள வேண்டும். சிக்னல் நன்றாகக் கிடைக்கும் இடத்தில் வைத்தே இச்சோதனையைச் செய்ய வேண்டும்.

பேசும்போது மட்டும் திரை கறுத்து, பேசி முடித்த பின்னும் திரும்பாமல் இருந்தால் அது பெரும்பாலும் திரையின் பழுது அன்று. காதருகே வைத்ததும் திரையை அணைக்கும் உணர்கருவி ஒன்று செல்போனின் மேல்பகுதியில் உள்ளது. அதன்மீது சேறு, வியர்வை படிந்தாலும், பொருந்தாத கண்ணாடி ஒட்டினாலும் திரை எழாது. முதலில் மெல்லிய துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் சோதனை: பொத்தானை அழுத்திப் பிடித்தல்

உறைந்து போன செல்போனை வலிந்து அணைத்து மீண்டும் எழுப்ப வழி உண்டு. பெரும்பாலான ஆண்ட்ராய்டு செல்போன்களில் பவர் பொத்தானையும் ஒலி குறைக்கும் பொத்தானையும் ஒருசேர 10 முதல் 20 விநாடி வரை விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். சில வகைகளில் பவர் பொத்தானை மட்டும் 30 விநாடி அழுத்தினால் போதும். ஐபோன் 8 முதல் அதன் பின் வந்தவற்றில், ஒலி கூட்டும் பொத்தானை ஒருமுறை அழுத்தி விட்டு, ஒலி குறைக்கும் பொத்தானையும் அவ்வாறே அழுத்தி விட்டு, பிறகு பக்கவாட்டுப் பொத்தானை ஆப்பிள் சின்னம் தோன்றும் வரை பிடித்திருக்க வேண்டும். இதனால் உள்ளே சேமித்த படங்களோ எண்களோ அழியா.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். பவர் பொத்தானை விட்டு விட்டுப் பலமுறை அழுத்தினால் அவசர எண் 112-க்கு அழைப்பு போகக்கூடும். எனவே அழுத்திப் பிடிக்க வேண்டுமேயன்றித் தட்டிக்கொண்டிருக்கக் கூடாது. அடுத்து, பொத்தான்கள் மாறி அழுத்தப்பட்டால் கறுப்புத் திரையில் ஆங்கில வரிகள் அடங்கிய பட்டியல் ஒன்று தோன்றலாம். அதில் 'ரீபூட் சிஸ்டம் நவ்' என்பதை மட்டுமே தேர்ந்தெடுக்க வேண்டும். 'வைப் டேட்டா', 'ஃபேக்டரி ரீசெட்' என்பவற்றைத் தேர்ந்தெடுத்தால் செல்போனில் உள்ள அனைத்தும் அழிந்துவிடும். பயிர்ச் சேதப் படங்களும் பட்டா, சிட்டா நகல்களும் அதில் போய்விடலாம்.

மூன்றாம் சோதனை: சார்ஜ் ஏறுகிறதா?

செல்போன்களில் உள்ள லித்தியம் அயனி பேட்டரி முழுதாக நிரம்பியிருக்கும்போது ஏறத்தாழ 4.2 முதல் 4.4 வோல்ட் வரை இருக்கும். மின்னழுத்தம் 3 வோல்ட் அளவுக்கு இறங்கினால், பேட்டரி கெடாதிருக்க உள்ளே உள்ள காப்புச் சுற்று இணைப்பைத் துண்டித்துவிடும். இவ்வாறு அடியோடு வடிந்த பேட்டரிக்குத் தொடக்கத்தில் மிகக் குறைந்த மின்சாரமே செலுத்தப்படும். வெடித்துக் கிடக்கும் வயலுக்கு நீர் விட்டால் உடனே தேங்காது அல்லவா? அதுபோல முதல் 15 முதல் 30 நிமிடம் வரை திரையில் எந்த அடையாளமும் தோன்றாமல் இருக்கலாம். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுப் 'போன் செத்துவிட்டது' என்று முடிவு கட்டக் கூடாது. ஒரு மணி நேரம் சார்ஜில் விட்டு, பின்னர் இரண்டாம் சோதனையை மறுபடியும் செய்ய வேண்டும்.

பல நேரங்களில் குற்றம் செல்போனிலன்றி வயரில்தான் இருக்கும். அதே சார்ஜரையும் வயரையும் வேறு செல்போனில் மாட்டிப் பார்க்க வேண்டும். சார்ஜர் செருகும் துளையில் சட்டைப்பை நூல், தவிட்டுத் தூசி, மண் ஆகியவை இறுகி அடைத்துக்கொள்வதும் உண்டு. செல்போன் அணைந்திருக்கும் நிலையில் உலர்ந்த மென்மையான பிரஷ் அல்லது பல்குத்தும் மரக்குச்சி கொண்டு மெதுவாக நீக்கலாம். ஊசி, சேஃப்டி பின் போன்ற உலோகப் பொருள்களை விடக் கூடாது.

மோட்டார் கொட்டகையில் சார்ஜ் போடும் வழக்கத்தை அறவே தவிர்க்க வேண்டும். சார்ஜர்கள் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்குமாறு செய்யப்பட்டவை. மும்முனை இணைப்பில் நியூட்ரல் கம்பி அறுந்து போனால் ஒருமுனைப் பிளக்கில் மின்னழுத்தம் 400 வோல்ட்டை நெருங்கக்கூடும். அப்போது சார்ஜர் எரிவதோடு செல்போனும் பழுதாகலாம். இடி மின்னலின்போதும் சார்ஜரைக் கழற்றி விடுவதே பாதுகாப்பானது.

நான்காம் சோதனை: டார்ச் வெளிச்சம்

மணி அடிக்கிறது, சார்ஜும் ஏறுகிறது, ஆனால் திரை மட்டும் கறுப்பாகவே உள்ளது என்றால் இருட்டறையில் டார்ச் விளக்கைச் சாய்வாகத் திரைமீது அடித்துப் பார்க்க வேண்டும். எல்.சி.டி. வகைத் திரையில் படத்தை உருவாக்கும் அடுக்கு வேறு. பின்னிருந்து ஒளி தரும் அடுக்கு வேறு. டார்ச் ஒளியில் படம் மங்கலாகத் தெரிந்தால் பின்னொளி மட்டும் கெட்டுள்ளது என்று பொருள். விலை உயர்ந்தவற்றில் உள்ள ஓ.எல்.இ.டி. வகைத் திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதால், பழுதானால் ஒன்றும் தெரியாது. கீழே விழுந்த பின் கருநீலக் கறை போலத் தோன்றி நாளுக்கு நாள் பரவுவது இவ்வகைத் திரையின் சேத அறிகுறி. இரண்டிலும், விழுந்த அதிர்ச்சியில் திரையை இணைக்கும் மெல்லிய பட்டை மட்டும் கழன்றிருக்கவும் கூடும். அதைத் திறந்து மாட்டினாலே சரியாகிவிடும். எனவே புதுத்திரை மாற்றும் முன் இணைப்பைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

படம் தெரிந்து, தொடுதல் மட்டும் வேலை செய்யாவிட்டால், பெரும்பாலான ஆண்ட்ராய்டு செல்போன்களில் ஓ.டி.ஜி. என்னும் சிறு இணைப்பானைச் செருகிக் கம்ப்யூட்டர் மவுசை மாட்டலாம். திரையில் அம்புக்குறி தோன்றும். அதைக் கொண்டு வேண்டிய படங்களையும் எண்களையும் எடுத்துக்கொள்ளலாம்.

வெயிலும் நீரும்

டிராக்டர் பானட்மீதும் களத்து மேட்டிலும் வெயிலில் வைத்த செல்போன், சூடு மிகுந்தால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே அணைந்துவிடும். உறையைக் கழற்றி நிழலில் வைத்து ஆறவிட்டால் எழுந்துவிடும். ஐஸ் பெட்டியில் வைத்துக் குளிர்விக்கக் கூடாது. உள்ளே நீர் வியர்த்துக் கெடும். சூடு தணியும் முன் சார்ஜ் போடுவதும் தவறு.

வாய்க்காலிலோ, தொட்டியிலோ விழுந்த செல்போனை எடுத்தவுடன் 'வேலை செய்கிறதா' என்று போட்டுப் பார்ப்பதே பெரும் பிழை. கிணற்று நீரிலும் ஆழ்குழாய் நீரிலும் உப்புகள் கரைந்துள்ளன. மின்சாரம் இருக்கும்போது அந்நீர் பட்டால் உள்ளே உள்ள செம்புத் தடங்கள் விரைவாக அரிக்கப்படும். ஆகவே உடனே அணைத்து, சிம் தட்டைக் கழற்றி, சார்ஜ் துளை கீழ்நோக்கி இருக்குமாறு பிடித்து உள்ளங்கையில் மெல்லத் தட்டி நீரை வடிக்க வேண்டும். பின்னர் காற்றோட்டமான நிழலில் ஒரு நாளாவது வைக்க வேண்டும். அதுவரை சார்ஜ் கூடாது. அரிசிப் பானைக்குள் புதைத்து வைக்கும் பழக்கம் பரவலாக உள்ளது. அதனால் பயனில்லை. அரிசித் துகளும் தவிடும் துளைகளில் புகுந்து தீங்கே செய்யும். ஆப்பிள் நிறுவனமும் 2024-இல் இதைச் செய்ய வேண்டாம் என்று அறிவித்தது. சேற்று நீர், உரக்கரைசல், பூச்சிமருந்துக் கலவை ஆகியவற்றில் விழுந்திருந்தால் காய வைப்பதோடு நில்லாமல், அன்றே பழுது நீக்குவோரிடம் கொடுத்துத் திறந்து சுத்தம் செய்ய வேண்டும்.

மருந்து தெளிக்கும் நாளில் செல்போனைப் பாலிதீன் உறையில் இட்டு வரப்பில் பத்திரமாக வைத்துவிட வேண்டும். மருந்துக் கையால் தொட்ட செல்போனைக் காதிலும் கன்னத்திலும் வைத்துப் பேசுவது செல்போனுக்கு மட்டுமல்ல, உடலுக்கும் கேடு.

பேட்டரி வீங்கினால்

திரை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டோ, பின்மூடி உப்பிக்கொண்டோ இருந்தால் பேட்டரி வீங்கியுள்ளது என்று பொருள். மேலே சொன்ன சோதனைகளுள் எதையும் செய்யலாகாது. சார்ஜ் போடவோ, அழுத்தவோ, குத்தவோ கூடாது, தீப்பற்றக்கூடும். எரியும் பொருள்களிலிருந்து விலக்கி வைத்து, பழுது நீக்கும் இடத்தில் சேர்க்க வேண்டும். குப்பைமேட்டிலோ, எருக்குழியிலோ எறியக் கூடாது. பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் 2022-இன்படி அவற்றை முறையாகச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டும்.

வேலை நிற்காதிருக்க

தொலைபேசி எண் இருப்பது சிம் கார்டில், செல்போனில் அன்று. அவசர வேலை இருந்தால், முதல் சோதனையை முடித்தவுடன் சிம்மைக் கழற்றி வேறொரு செல்போனில் போட்டுவிடலாம். அந்த சிம்மின் சேவையை ஏற்கக்கூடியதாக இருந்தால், பொத்தான் வைத்த சாதாரண செல்போனே போதும். சிறிய சிம்முக்குச் சட்டம் ஒன்றைப் பொருத்த வேண்டி வரலாம். கடவு எண்ணும் வங்கிச் செய்தியும் அதில் வந்துவிடும். மோட்டார் ஸ்டார்ட்டர் பதிவு செய்த எண்ணுக்கே கட்டுப்படும் என்பதால், அந்த எண்ணிலிருந்தே அழைத்து மோட்டாரை நிறுத்தலாம். அட்டை வடிவில்லாத இ-சிம் வைத்திருப்போருக்கு மட்டும் இது உடனே இயலாது. தட்டைத் திறக்கும் ஊசியைத் தட்டின் ஓரத்தில் உள்ள துளையில்தான் செருக வேண்டும். அருகில் உள்ள ஒலிவாங்கித் துளையில் குத்தினால் புதிய பழுது சேரும்.

பழுதுக்குக் கொடுக்கும்போது

சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துவிட்டே கொடுக்க வேண்டும். பணப் பரிமாற்றச் செயலியின் இரகசிய எண்ணை எவரிடமும் சொல்லக் கூடாது. உள்ளே உள்ளவற்றை அழிக்க வேண்டியிருந்தால் கேட்டுவிட்டே அழிக்க வேண்டும் என்று முன்கூட்டியே கூற வேண்டும். செய்த சோதனைகளையும், கண்ட அறிகுறிகளையும், விழுந்ததா, நனைந்ததா என்பதையும் மறைக்காமல் சொன்னால் தேவையற்ற உதிரிபாக மாற்றம் தவிர்க்கப்படும். மதிப்பீட்டுத் தொகையை எழுதி வாங்கிக்கொள்வது நலம்.

வருமுன் காத்தல்

செல்போன் நன்றாக இருக்கும்போதே சில ஏற்பாடுகளைச் செய்துகொள்ள வேண்டும். மோட்டார் ஸ்டார்ட்டரில் வீட்டில் உள்ள மற்றொருவர் எண்ணையும் பதிவு செய்ய வேண்டும். தொடர்பு எண்களும் படங்களும் கூகுள் கணக்கில் தாமே சேருமாறு அமைத்துவிட்டால், செல்போன் போனாலும் அவை போகா. முக்கியமான எண்களை வரவு செலவு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். *#06# என்று அழுத்தினால் தோன்றும் 15 இலக்க எண்ணையும் அதில் குறித்துக்கொண்டால், பழுது நீக்கிய பின் நமது செல்போன்தான் திரும்பி வந்ததா என்று சரிபார்க்கலாம். சேமிப்பிடம் முழுதும் நிரம்பிவிட்டாலும் செல்போன் உறையும் என்பதால் வேண்டாத படங்களை அவ்வப்போது நீக்கி வர வேண்டும்.

அழைத்துப் பார்த்தல், அழுத்திப் பிடித்தல், ஒரு மணி நேரம் சார்ஜில் விடுதல், டார்ச் அடித்தல் ஆகிய நான்கு சோதனைகளுக்கும் செலவு ஏதுமில்லை. நனைந்த செல்போனுக்கும் பேட்டரி வீங்கிய செல்போனுக்கும் மட்டும் இவை பொருந்தா. மற்றவர்கள் இவற்றை வரிசைப்படி செய்து, பழுது எங்கே என்று ஓரளவு அறிந்த பின்னரே கடை ஏறினால், வீண்செலவையும் காலதாமதத்தையும் தவிர்த்துப் பயனடையலாம்.