பெயிண்ட் காயும் நேரத்தில் செய்தி: சனிக்கிழமைக்கான வீட்டுக் குறிப்புகள்

ஓர் அறையைப் புதுசாக்க எல்லோரும் வீட்டில் இருக்கும் சனிக்கிழமையைவிட நல்ல நாள் கிடைக்காது. டிவியில் உலகச் செய்தி ஒரு பக்கம் ஓடட்டும். அதையும் விடாமல், சுவரும் கெடாமல், ஆள் கூலியையும் மிச்சம் பிடிக்க எங்கள் வீட்டில் கைகொடுக்கும் வழிகள் இதோ. உங்களுக்கும் உதவும்.

1. சாமான் ஒதுக்குவதை வெள்ளி இரவே முடித்துவிடுங்கள். டிவிக்குப் பின்னால் உள்ள ஒயர்களைக் கழற்றும் முன் செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்தால், திரும்ப மாட்டும்போது எது எங்கே என்று தேட வேண்டாம். கழற்றிய திருகாணிகளை அந்தந்தப் பொருளின் முதுகிலேயே டேப் போட்டு ஒட்டிவிடுங்கள்.

2. நான்கு சுவரின் நீளத்தையும் கூட்டி, உயரத்தால் பெருக்கி, கதவு ஜன்னலைக் கழித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். 10க்கு 12 அறை, 10 அடி உயரம் என்றால் 440 சதுர அடி. கதவு, ஜன்னல் போக ஏறக்குறைய 400. லிட்டருக்கு எத்தனை சதுர அடி என்று டப்பாவிலேயே போட்டிருக்கும். அது ஒரு கோட்டுக்கா, இரண்டு கோட்டுக்கா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

3. பெயிண்டில் சேரும் சரக்கில் பாதிக்கு மேல் கச்சா எண்ணெயோடு தொடர்புடையது. ஆகவே, பேரல் விலை வாரக்கணக்கில் ஏறிக்கொண்டே போவதாகச் செய்தியில் கேட்டால், பொங்கலுக்கு அடிக்கலாம் என்று இருப்பவர்கள் தள்ளிப்போடாமல் இப்போதே வாங்குங்கள். மூடியைத் திறக்காமல் வெயில் படாத இடத்தில் வைத்தால் கெடாது. தயாரிப்புத் தேதி புதிதாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

4. தரையில் முதலில் பழைய பெட்ஷீட், அதன்மேல் செய்தித்தாள். வெறும் தாளை மட்டும் விரித்தால் ஈரம் பட்டு, மை மொசைக்கில் இறங்கிவிடும். விரிக்கும் முன் கட்டைப் புரட்டிப் பாருங்கள்: நிலவின் தென்துருவப் பகுதியில் சந்திரயான்-3 இறங்கிய மறுநாள், 2023 ஆகஸ்ட் 24, வந்த தாள் மாதிரி ஏதாவது இருந்தால் பிள்ளைகளுக்காக எடுத்து வையுங்கள். மற்றவற்றில் விளம்பரப் பக்கம் மேலே இருக்கட்டும். இல்லாவிட்டால் வேலைக்கு வந்தவர்கள் குந்திப் படிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

5. உப்புப் பூத்த சுவரைத் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள்; உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து உதிர்த்து, துடைத்து எடுங்கள். ஓதம் இன்னும் இருக்கிறதா என்று தெரிய, ஒரு பாலிதீன் தாளைச் சுவரில் நான்கு ஓரமும் டேப் வைத்து ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் சுவர்ப் பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தால், குழாயோ மாடியோ எங்கோ ஒழுகுகிறது. அதைச் சரிபார்க்காமல் எவ்வளவு விலை உயர்ந்த பெயிண்ட் அடித்தாலும் அடுத்த மழைக்கு உரிந்துவிடும், காசு தண்டம்.

6. பழைய வீட்டுக் கதவு ஜன்னல் எனாமலை உலர்வாகத் தேய்க்கவே வேண்டாம். வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2017இல்தான். அதற்கு முன் அடித்ததில் ஈயம் கூடுதலாக இருக்கலாம். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள், முகத்துக்கு மாஸ்க் போடுங்கள். கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் அன்றைக்கு அந்த அறைப் பக்கமே வர வேண்டாம்.

7. பட்டி தேய்க்கும்போது டிவியை மூடிவையுங்கள். அந்த மாவுத்தூசி காற்று ஓட்டைகளில் புகுந்தால் செலவு வைத்துவிடும். செய்தி வேண்டுமென்றால் அடுத்த அறையில் ரேடியோவோ செல்போனோ பேசட்டும், காதுக்கு எட்டினால் போதும்.

8. எவ்வளவு பெரிய செய்தி வந்தாலும் பாதிச் சுவரில் ரோலரை வைத்துவிட்டு ஓடாதீர்கள். ஈரமும் காய்ந்ததும் சேரும் இடத்தில் பட்டை விழும்; இரண்டாவது கோட்டிலும் அது முழுசாக மறையாது. மூலையில் தொடங்கினால் அடுத்த மூலையில்தான் நிறுத்த வேண்டும். முதல் கோட் காய நான்கு மணி நேரமாவது ஆகும், அதுதான் செய்திக்கான நேரம். 2023 செப்டம்பர் 2 ஒரு சனிக்கிழமை. செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி திட்ட இயக்குநராக இருந்த ஆதித்யா எல்1, காலை 11.50க்கு ஶ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. அப்படி ஒரு நேரலை இருக்கும் நாளில் ஏழு மணிக்கே ஆரம்பித்து, பதினொன்றுக்குள் முதல் கோட்டை முடித்துவிட்டுக் குடும்பத்தோடு உட்கார்ந்து பாருங்கள்.

9. கோட்டுக்குக் கோட்டு பிரஷ், ரோலரைக் கழுவ வேண்டியதில்லை. பால் கவரைத் திருப்பி மாட்டி, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினால் சாயங்காலம்வரை காயாது.

10. டப்பா விளிம்பின் பள்ளத்தில் ஆணியால் நாலைந்து ஓட்டை போடுங்கள். பிரஷ்ஷை வழிக்கும்போது தேங்கும் பெயிண்ட் உள்ளேயே சொட்டிவிடும், மூடியும் ஒட்டிக்கொள்ளாது.

11. அன்றைக்குச் சமையல் கட்டுச்சோறுதான். வெள்ளி இரவே புளிக்காய்ச்சல் கிளறி வைத்துவிட்டால் மத்தியானம் சாதம் வடித்துக் கலக்க வேண்டியதுதான் பாக்கி, தொட்டுக்கொள்ள அப்பளம் போதும். பெயிண்ட் வாடை போக வெங்காயம் நறுக்கி வையுங்கள் என்பார்கள். வெங்காயத்தை வீணாக்க வேண்டாம், எதிரெதிர் ஜன்னலும் மின்விசிறியும் போதும்.

12. ஐந்தரை மீட்டர் காட்டன் புடவை ஒன்று இருந்தால் ஜன்னலுக்குப் புதுத் திரை ரெடி. 2.4 மீட்டரில் இரண்டு துண்டு வெட்டுங்கள். மடித்துத் தைத்த பிறகும் ஏழடி உயரத்துக்குத் தாராளமாக வரும், நாலடி அகல ஜன்னலுக்குக் கொசுவமும் நன்றாக விழும். மிச்சத் துண்டில் ஒரு குஷன் உறை தைக்கலாம். முந்தானையைக் கீழ்ப்பக்கம் வருமாறு வைத்தால் கடைத் திரை தோற்றுவிடும்.

13. பிள்ளைகள் அறையில் விலை உயர்ந்த வால்பேப்பருக்குப் பதில் பெரிய உலக வரைபடம் ஒன்று மாட்டுங்கள். சூயஸ் கால்வாயில் 2021 மார்ச்சில் எவர் கிவன் கப்பல் ஆறு நாள் குறுக்கே சிக்கிக் கிடந்தபோது, அது எந்த இடம் என்று விரல் வைத்துக் காட்ட இப்படி ஒரு படம் இருந்தால் போதும். செய்தியில் வரும் ஊருக்கெல்லாம் ஒரு பொட்டு ஒட்டச் சொல்லுங்கள்.

14. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலைச் சாயங்காலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். காலையிலேயே கை காலில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு இறங்கினால் எனாமல் தோலில் ஒட்டாது. ஒட்டியதையும் எண்ணெய், சீயக்காய் போட்டே தேய்த்து எடுத்துவிடலாம். தின்னரையும் மண்ணெண்ணெயையும் தோலில் போடவே போடாதீர்கள்.

15. மிஞ்சிய பெயிண்டைப் பெரிய டப்பாவில் விடாமல் ஹார்லிக்ஸ் பாட்டில் மாதிரி சின்னக் கண்ணாடி பாட்டிலில் கழுத்துவரை ஊற்றி மூடுங்கள். காற்று இல்லாததால் ஆடை படியாது. மேலே அறை, ஷேடு நம்பர், தேதி எழுதி ஒட்டுங்கள். நாற்காலி உரசிய இடத்தில் ஒரு தீற்று தீற்ற அது போதும்.