சாரலுக்கும் சேற்றுக்கும் தாங்குகிற பழைய லோடு வண்டி எது?

கேள்வி: எங்களுக்கு இலஞ்சியில் வீடு. ஒன்றரை ஏக்கர் தென்னந்தோப்பும் கொஞ்சம் வயலும் இருக்கின்றன. தேங்காயைப் பாவூர்சத்திரம் கொண்டுபோக, மாட்டுக்கு வைக்கோலும் தவிடும் ஏற்றிவர, வீட்டு வேலைக்குச் சிமெண்ட் இறக்க என்று எல்லாவற்றுக்கும் வாடகை வண்டிதான். சீசன் நேரத்தில் கூப்பிட்டால் அதுவும் வருவதில்லை. மூன்றரை லட்சத்துக்குள் ஒரு பழைய லோடு வண்டி வாங்கலாம் என்றிருக்கிறோம். புரோக்கர் இரண்டு வண்டி காட்டினார். ஒன்று, தென்காசிப் பதிவில் உள்ள 2018 மாடல் குட்டியானை. மளிகைக் கடைக்கு ஓடியது. இன்னொன்று, கொல்லத்திலிருந்து வந்த 2016 மாடல் பொலேரோ பிக்கப். புதுப் பெயிண்ட் அடித்துப் பளபளவென்று நிற்கிறது. வீட்டுக்காரருக்குப் பொலேரோ மேல்தான் கண். மகனிடம் கார் லைசென்ஸ் இருக்கிறது. ஆனி, ஆடியில் தோப்புப் பாதை முழுக்கச் சேறு. எதை வாங்கலாம்? சீசனுக்கு வரும் சொந்தக்காரர்களைப் பின்னால் ஏற்றிக் குற்றால அருவிக்குக் கூட்டிப் போகலாமா?
– ஒரு வாசகி, இலஞ்சி

பதில்: முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். அடிப்பாகம் நன்றாக இருந்தால் குட்டியானையை வாங்குங்கள். அது சரியில்லை என்றால் இன்னொரு குட்டியானையைத் தேடுங்கள். கொல்லத்து பொலேரோவை விட்டுவிடுங்கள். பொலேரோ நல்ல வண்டிதான். ஆனால் உங்கள் தேவைக்கு அது பெரிது. அந்தக் குறிப்பிட்ட வண்டி எனக்குச் சந்தேகமாகவும் இருக்கிறது.

முதலில் சுமைக் கணக்கைப் பாருங்கள். ஏக்கருக்கு எழுபது மரம் என்றால் உங்கள் தோப்பில் நூறு மரத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும். ஒரு வெட்டுக்கு ஆயிரம், ஆயிரத்து இருநூறு காய் இறங்கும். உரித்த காய் அரைக் கிலோ என்று வைத்தாலும் மொத்தம் அரை டன் சொச்சம்தான். சிமெண்ட் மூட்டை 50 கிலோ. 15 மூட்டை 750 கிலோ. நாம் குட்டியானை என்று சொல்கிற ஏஸ் வண்டியை 2005-இல் டாடா நிறுவனம் கொண்டுவந்தபோதே முக்கால் டன் சுமைக்குத்தான் செய்தது. இரண்டு சிலிண்டர், 702 சிசி டீசல் எஞ்சின். உங்கள் வேலைக்கு அது சரியாகப் பொருந்துகிறது. பொலேரோ பிக்கப் ஒரு டன்னுக்கு மேல் தாங்கும், உண்மைதான். ஆனால் 2,500 சிசி எஞ்சின், பெரிய டயர், பெரிய கிளட்ச் என்று எல்லாச் செலவும் அந்த அளவுக்கு ஏறும். தினமும் ஒரு டன் ஏற்றுகிற வியாபாரிக்கு அது கட்டுப்படியாகும். வாரத்துக்கு இரண்டு நடை ஓட்டுகிற வீட்டுக்குக் கட்டுப்படியாகாது.

அடுத்து நம் ஊர் மழை. ஆரியங்காவு கணவாய் வழியாகக் காற்று ஈரத்தை அள்ளிக்கொண்டு வருவதால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நமக்குச் சாரல். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வேறு. ஆக, குற்றாலம், செங்கோட்டை, இலஞ்சி பக்கத்து வண்டி வருடத்தில் பாதி நாள் ஈரத்திலேயே நிற்கிறது. மதுரையில் பத்து வருடம் ஓடிய சேஸும் இங்கே பத்து வருடம் ஓடிய சேஸும் ஒன்றல்ல. அதனால் இங்கே எஞ்சினைவிட முதலில் பார்க்க வேண்டியது துரு. எஞ்சினைப் பிரித்து வேலை பார்த்துவிடலாம். துரு தின்ற சேஸுக்கு வைத்தியம் கிடையாது.

துருவை வேகப்படுத்துவது உப்பு. அமெரிக்காவிலும் கனடாவிலும் பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவுவார்கள். அதனால் அங்கே பழைய பிக்கப் வாங்குகிறவர்கள் முதலில் வண்டிக்கு அடியில்தான் படுத்துப் பார்க்கிறார்கள். நமக்குப் பனி இல்லை, ஆனால் உப்பு இருக்கிறது. தூத்துக்குடியில் உப்பு லோடு அடித்த வண்டிகளும், கொல்லம், நீண்டகரை பக்கம் மீன் லோடு அடித்த வண்டிகளும் தென்காசிச் சந்தைக்கு வருகின்றன. மீன் பெட்டியிலிருந்து ஐஸ் உருகி, உப்புத் தண்ணீர் தொட்டி இடுக்கு வழியாகச் சேஸில் சொட்டிக்கொண்டே இருக்கும். மேலே புதுப் பெயிண்ட் அடித்தால் அது வெளியே தெரியாது. கொல்லத்து வண்டி என்றதுமே எனக்கு வந்த சந்தேகம் இதுதான். தொட்டியின் பலகையைத் தூக்கி மோந்து பாருங்கள். மீன் வாடை அவ்வளவு எளிதில் போகாது.

இன்னொரு எச்சரிக்கை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பேய்மழையில் தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்களில் ஏராளமான வண்டிகள் மூழ்கின. அப்படித் தண்ணீர் குடித்த வண்டியும் கைமாறி வரலாம். டெயில் லைட்டைக் கழற்றிப் பாருங்கள், உள்ளே வண்டல் படிந்திருக்கும். சீட்டுக்கு அடியில் ஸ்ப்ரிங் துருப்பிடித்திருக்கும். சீட் பெல்ட்டை முழு நீளமும் இழுத்துப் பாருங்கள். யாரும் துடைக்காத அந்தக் கடைசி ஒரு அடியில் சேற்றுக் கறை இருந்தால் வேறு சாட்சி தேவையில்லை.

வண்டி பார்க்கும் முறை

காலையில் போங்கள். நாங்கள் வருவதற்கு முன் ஸ்டார்ட் பண்ணி வைக்காதீர்கள் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது எப்படிக் கிளம்புகிறது என்பதில் பாதி உண்மை தெரிந்துவிடும். ஒரே இழுப்பில் எடுக்க வேண்டும். ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை குப்குப்பென்று தள்ளக் கூடாது. தள்ளினால் ரிங் செட் போயிருக்கிறது. நீலப் புகை தொடர்ந்து வந்தாலும் அதே கதைதான்.

பிறகு ஒரு ஸ்க்ரூ டிரைவரும் டார்ச் லைட்டும் எடுத்துக்கொண்டு அடியில் போங்கள். சேஸின் இரண்டு பக்கமும், குறுக்குச் சட்டங்களிலும், கமான் பட்டை தொங்குகிற கொக்கிகளிலும் ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும். இற்றுப்போன இடம் மொத்தென்று கேட்கும், அப்பளம் போலத் துரு உதிரும். மேலாகத் துரு படிந்திருந்தால் பரவாயில்லை, சுரண்டி அண்டர் கோட்டிங் அடித்துக்கொள்ளலாம். ஓட்டை விழுந்திருந்தாலோ, சேஸில் பட்டை வைத்து வெல்டிங் அடித்திருந்தாலோ அந்த வண்டி வேண்டாம். கமான் பட்டையில் கூடுதல் இலை சேர்த்திருந்தால் அளவுக்கு மீறி லோடு அடித்திருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்.

டயரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டு 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் ஆழம் 1.6 மி.மீ.க்குக் கீழே போகக் கூடாது என்பது சட்டம். சாரல் ஊருக்கு அது போதாது, அதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். முன் சக்கரத்தில் ரீபட்டன் டயர் வேண்டவே வேண்டாம்.

கடைசியாக, ஓட்டிப் பாருங்கள். புளியரை தாண்டி எஸ் வளைவு வரை ஏறி இறங்கினால் போதும். ஏற்றத்தில் கிளட்ச் வழுக்குகிறதா, இறக்கத்தில் பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறதா, சரிவில் ஹேண்ட் பிரேக் வண்டியைப் பிடித்து நிறுத்துகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

காகிதங்கள்

வண்டி எண்ணைப் பரிவாகன் தளத்தில் போட்டு, எஃப்.சி. (தகுதிச் சான்று), இன்ஷூரன்ஸ், வரி, அபராத பாக்கி எல்லாம் பாருங்கள். சரக்கு வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி.; அதற்கு மேல் ஒவ்வொரு வருடமும். அதனால் பேரத்தின்போது எஃப்.சி. செலவையும் கணக்கில் சேருங்கள். ஆர்.சி.யில் மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருந்தால் பர்மிட் தேவையில்லை. குட்டியானை அதற்குள் அடங்கும். பிக்கப்புகளில் சில மாடல்கள் தாண்டும். வண்டி மேல் ஃபைனான்ஸ் இருந்தால் படிவம் 35-உம் நிறுவனத்தின் தடையில்லாச் சான்றும் கைக்கு வராமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். படிவம் 29, 30-இல் கையெழுத்து வாங்கி, முப்பது நாளுக்குள் தென்காசி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாற்றுங்கள். இன்ஷூரன்ஸை மாற்றப் பதினான்கு நாள்தான் அவகாசம். கேரள வண்டி என்றால் அங்கிருந்து என்.ஓ.சி. வாங்க வேண்டும், இங்கே வரி கட்ட வேண்டும், புது எண் வாங்க வேண்டும். அந்த அலைச்சலுக்கும் ஒரு விலை இருக்கிறது.

மகனின் லைசென்ஸ் பற்றிக் கவலை வேண்டாம். 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகு ரக வாகன உரிமத்திலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது.

சேறும் தண்ணீரும்

இந்த வண்டிகளுக்குப் பின்சக்கரத்தில்தான் இழுவை. காலியாக இருக்கும்போது பின்பக்கம் இலேசாகிவிடுவதால் சேற்றில் சக்கரம் சும்மா சுற்றும், ஈரத் தார் ரோட்டில் பிரேக் அடித்தால் பின்பக்கம் சறுக்கும். பனி ஊர்க்காரர்கள் இதற்காகவே தொட்டியில் மணல் மூட்டை போட்டு ஓட்டுகிறார்கள். சாரல் மாதங்களில் நீங்களும் பின் அச்சுக்கு நேர் மேலே இரண்டு மூன்று மணல் மூட்டைகளை நகராதபடி கட்டிப் போடுங்கள். சுமை ஏற்றும்போது மறக்காமல் இறக்கிவிடுங்கள். தோப்புப் பாதையில் சக்கரம் போகும் இரண்டு தடத்திலும் செங்கல் ஜல்லி கொட்டிவிட்டால் நான்கு சக்கர இழுவைக்குச் செலவழிக்கிற பணம் மிச்சம்.

தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடினால் நின்றுவிடுங்கள். இரண்டடி ஆழத்துக்கு வேகமாக ஓடுகிற தண்ணீர் பிக்கப்பையே இழுத்துக்கொண்டு போய்விடும். தேங்கிய தண்ணீரைக் கடந்து வந்தால், மெதுவாக ஓட்டியபடியே பிரேக்கை இலேசாக அழுத்தி டிரம்மைக் காயவையுங்கள். எஞ்சின் தண்ணீருக்குள் நின்றுவிட்டால் திரும்ப ஸ்டார்ட் பண்ணவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் ஏறியிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சீசன் முடிந்ததும் ஒரு வாட்டர் சர்வீஸ், நன்றாகக் காய்ந்தபின் அடியில் ஒரு கோட்டிங். இதைத் தவறாமல் செய்தால் வண்டி நெடுநாள் உழைக்கும்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. சொந்தக்காரர்களைத் தொட்டியில் ஏற்றி அருவிக்குக் கூட்டிப் போகவே கூடாது. ஐந்து கிலோ மீட்டர்தானே என்று நினைக்காதீர்கள். தொட்டியில் பிடிமானம் கிடையாது, சீட் பெல்ட் கிடையாது. ஈர ரோட்டில் ஒரு திடீர் பிரேக் போதும், குழந்தை வெளியே விழுந்துவிடும். சட்டப்படியும் குற்றம். சரக்கு வண்டியில் ஏறிய பயணிக்கு இன்ஷூரன்ஸ் நிறுவனம் பொறுப்பல்ல என்று 2002-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விபத்து நடந்தால் இழப்பீடு உங்கள் தோப்பிலிருந்துதான் போகும். கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் அருவிக்கும் லோடு வண்டியில் ஆள் ஏற்றுகிற பழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. உங்கள் வீட்டு வண்டி அதற்குத் துணைபோக வேண்டாம். சொந்தக்காரர்களுக்கு வேன் பேசுங்கள். தேங்காயைக் குட்டியானையில் ஏற்றுங்கள்.