பிறப்பைவிடப் பெரிது பெயர்வு

கேள்வி: கம்பஹாவில் சனத்தொகை பெருகுகிறது. யாழ்ப்பாணத்தில் குறைந்தது ஏன்?
– வாசகி, கொக்குவில்

பதில்: பிறப்பு, இறப்பு, இடப்பெயர்வு ஆகிய மூன்றும்தான் சனத்தொகையைத் தீர்மானிக்கின்றன. இங்கே பெரிய வித்தியாசத்தை உண்டாக்கியது மூன்றாவது. 1978இல் கம்பஹா மாவட்டத்தின் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியது. வேலை தேடி இளையோர் வந்ததும் கொழும்பு அருகில் இருந்ததும் கம்பஹாவை வளர்த்தன.

கிளிநொச்சி நீங்கலாக, யாழ். மாவட்டத்தில் 1981இல் சுமார் 7 இலட்சத்து 38 ஆயிரம் பேர். 2012இல் 5 இலட்சத்து 83 ஆயிரம். போர் உயிர்களைப் பறித்தது. 1990இல் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். 1995இல் வலிகாமமே இடம்பெயர்ந்தது. வெளிநாடு போனவர்களில் பலர் இளையவர்கள்; அவர்களின் பிள்ளைகள் அங்கேயே பிறந்தார்கள்.

வாக்காளர் குறைய, கிளிநொச்சியையும் சேர்த்த யாழ். தேர்தல் மாவட்டத்தின் ஆசனங்கள் 2010இல் 9 ஆக இருந்து 2024இல் 6 ஆகின. இளையோருக்கு ஊரிலேயே நல்ல தொழில் கிடைக்கச் செய்வதே உறுதியான மருந்து.