மின்னுவதெல்லாம் பாலிஷ் அல்ல!

(மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு)



எஞ்சினைப் பற்றி யாராவது கேட்டால் நம் பிரிவில் ஆளுக்கு ஆள் பதில் சொல்வோம். கியர்பாக்ஸைப் பிரித்துப் போட்டு மறுபடி மாட்டச் சொன்னாலும் மாட்டிவிடுவோம். ஆனால் காரின் மேல் பூசியிருக்கும் பெயிண்ட் எத்தனை கனம் என்று கேட்டுப் பாருங்கள். "அது டிங்கரிங் பட்டறை சமாச்சாரம்ப்பா" என்று நழுவிவிடுவோம்.

யோசித்துப் பார்த்தால், எஞ்சின் தேய்ந்தால் போர் பண்ணலாம், டயர் தேய்ந்தால் மாற்றலாம். கம்பெனியில் பூசிய பெயிண்ட்டை மட்டும் அதே தரத்தில் திரும்பப் பூசுவது பட்டறையில் நடக்காத காரியம். அங்கே வெறும் பாடியைச் சுமார் 140 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைத்துச் சுடுகிறார்கள். ரோட்டுக்கு வந்துவிட்ட வண்டியில் ரப்பர், பிளாஸ்டிக், ஒயர் எல்லாம் இருப்பதால் பெயிண்ட் பூத்தில் 60 டிகிரி அளவுக்குத்தான் சூடேற்ற முடியும். ஆகவே கம்பெனி பெயிண்ட் என்பது ஒருமுறை கிடைக்கும் சொத்து.

ஞாயிற்றுக்கிழமைதோறும் மாமாவின் காரைக் கழுவித் துடைப்பது எனக்குப் பொழுதுபோக்கு. அந்தப் பொழுதுபோக்கில் படித்ததையும் பார்த்ததையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன். நாளைக்கு நீங்களும் ஒரு கார் வாங்கத்தான் போகிறீர்கள். அப்போது உதவும்.

கொஞ்சம் வரலாறு

1920களின் தொடக்கம் வரை கார்களுக்கு வார்னிஷ் வகைப் பூச்சுகளைப் பல கோட்டாகப் பூசி, வாரக்கணக்கில் காய வைத்தார்கள். 1923இல் அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனி 'டூக்கோ' என்ற நைட்ரோசெல்லுலோஸ் லேக்கரைக் கொண்டுவந்தது. மணிக்கணக்கில் காய்ந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லண்ட் கார் 1924 மாடலில் நீல நிற டூக்கோவுடன் வெளிவந்தது. இன்றும் நம்மூர்ப் பட்டறைகளில் ஸ்ப்ரே பெயிண்ட்டுக்கு 'டூக்கோ' என்ற பெயர் புழங்குவது இதனால்தான்.

அம்பாசடர், பத்மினி காலத்து வண்டிகளில் பெரும்பாலும் மேல் பூச்சே நிறப் பூச்சு. வெயிலில் அது வெளுத்துச் சுண்ணாம்பு போல் ஆகும். ரப்பிங் காம்பவுண்டைத் தொட்டுத் தேய்த்தால் துணியில் நிறம் ஒட்டிக்கொண்டு வரும், அடியிலிருந்து புது நிறம் தெரியும். அந்தக் காலத்துக்கு அது சரியான வைத்தியம்.

1980களில் உலகெங்கும் 'பேஸ் கோட், கிளியர் கோட்' முறை பரவியது. அதாவது நிறம் அடியில், அதன் மேல் கண்ணாடி போல நிறமற்ற ஒரு பூச்சு. இன்று நாம் காணும் கார்களில் பெரும்பாலானவை இந்த வகை. 2014இல் அம்பாசடர் உற்பத்தி நின்றுவிட்டது. ஆனால் அம்பாசடரைத் தேய்த்த பழக்கம் மட்டும் நிற்கவில்லை! கஷ்டமே இங்கேதான் ஆரம்பிக்கிறது.

உங்கள் வண்டி எந்த வகை? வெளியில் தெரியாத ஓர் ஓரத்தில் வெள்ளைத் துணியில் கொஞ்சம் பாலிஷ் தொட்டு மெதுவாகத் தேயுங்கள். துணியில் வண்டியின் நிறம் வந்தால் பழைய முறை. நிறம் வராவிட்டால் கிளியர் கோட்.

தோலின் கனம் எவ்வளவு?

ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பாகமாக்கினால் ஒரு பாகம் ஒரு மைக்ரான். நம் தலைமுடியின் கனம் சுமார் 70 மைக்ரான். இனி காரின் தோலைப் பாருங்கள். வண்டிக்கு வண்டி மாறும் என்றாலும் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

1. இரும்புத் தகட்டை ஒட்டி, மின்சாரம் செலுத்தி முக்கியெடுக்கும் பிரைமர் (துருவைத் தடுப்பது): 20 மைக்ரான்.
2. அதன்மேல் சர்ஃபேசர்: 30 முதல் 40 மைக்ரான்.
3. நிறம்: 15 மைக்ரான்.
4. கிளியர் கோட்: 40 மைக்ரான்.

எல்லாம் சேர்ந்து 120 மைக்ரானுக்குள்தான். நாம் தேய்க்கும் கிளியர் கோட் தலைமுடியைவிட மெல்லியது! சூரியனின் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் மருந்தும் இதற்குள்தான் கலந்திருக்கிறது. இது மெலிந்தால் அடியில் உள்ள நிறத்துக்குக் குடை போய்விடும்.

பளபளப்பு என்பது என்ன?

முதலாண்டு இயற்பியலை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். மேற்பரப்பு சமமாக இருந்தால் ஒளி ஒரே சீராகத் திரும்பும், கண்ணாடியில் போல முகம் தெரியும். கீறல் இருந்தால் ஒளி சிதறும், மங்கலாகத் தெரியும். வெயிலில் நிற்கும் கறுப்புக் காரில் சூரியனைச் சுற்றிச் சிலந்திவலை போல வட்ட வட்டமாகக் கோடுகள் தெரிகின்றனவே, அவை உண்மையில் வட்டக் கீறல்கள் அல்ல. எல்லாத் திசையிலும் கீறல் இருக்கும். அவற்றில் ஒளிக்குக் குறுக்காக இருப்பவை மட்டும் மின்னுவதால் வட்டமாகத் தெரிகிறது.

இந்தக் கீறலை மறைக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, கீறலின் அடிமட்டம் வரைக்கும் சுற்றியுள்ள பூச்சைத் தேய்த்து எடுத்துச் சமமாக்குவது. இதுதான் பாலிஷ். மற்றொன்று, கீறலுக்குள் எண்ணெய்ப் பசையை நிரப்பி மறைப்பது. இது பத்து நாள் மினுமினுப்பு. நாலு முறை கழுவினால் கோடுகள் மறுபடி எழுந்துவிடும். தலைப்பில் சொன்னது இதைத்தான்.

ஒரு கூட்டல் கணக்கு

கிளியர் கோட்டில் கால் பங்குக்கு மேல் எடுக்காமல் இருப்பது நல்லது. 40 மைக்ரானில் கால் பங்கு 10 மைக்ரான். கனமான காம்பவுண்டை மெஷினில் போட்டு ஒருமுறை தேய்த்தால் 3 மைக்ரான் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று முறைக்கு 9. நாலாவது முறை எல்லையைத் தாண்டிவிடுகிறது. ஆக, வண்டியின் ஆயுளுக்கே மூன்று தடவைதான்!

எங்கள் தெருவில் சொந்தமாக டாக்சி ஓட்டும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். வண்டியைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொள்பவர். ஆயுத பூஜைக்கு ஒரு காம்பவுண்ட், பொங்கலுக்கு ஒன்று, எஃப்.சி. காட்டப் போகும்போது ஒன்று என்று தவறாமல் தேய்த்து வந்தார். நாலாவது வருஷம் கூரையிலும் பானெட்டிலும் வெள்ளை வெள்ளையாகத் தோல் உரிய ஆரம்பித்தது. வண்டியை மாற்றலாம் என்று புரோக்கரிடம் காட்டினார். "எஞ்சின் தங்கம்ணே, பெயிண்ட்தான் போயிடுச்சு" என்று அவர் விலையைக் குறைத்துவிட்டார். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு நம்பியிருந்த பணம் அது. அக்கறை இல்லாமல் கெட்ட வண்டி அல்ல. அக்கறை அதிகமாகிக் கெட்ட வண்டி. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே அந்த வண்டிதான்.

கழுவுவதில்தான் இருக்கிறது காரியம்

கீறல் எங்கிருந்து வருகிறது? முக்கால்வாசி நாம் துடைப்பதால் வருகிறது. தெருப்புழுதியில் இருக்கும் மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ். கடினத்தில் மோஸ் அளவுகோலில் 7. சாதாரணக் கண்ணாடியையே கீறும். காலையில் பனியன் வேஸ்ட்டால் வறட்டுத் துடைப்பு துடைத்துவிட்டு வண்டியை எடுப்பது, உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பதற்குச் சமம்.

பாலிடெக்னிக் பக்கத்தில் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவர், பல வருஷமாக ஸ்ப்ரே அடிப்பவர், என்னிடம் சொன்னார்: "தம்பி, கோடு தெரியக் கூடாதுன்னா கோடு போடாம இரு. போட்டுட்டு அழிக்கிறது எனக்குக் கூலி, உனக்கு நஷ்டம்." பாடப் புத்தகத்தில் இதைவிடத் தெளிவாக யாரும் எழுதிவிட முடியாது!

நான் கடைப்பிடிக்கும் முறை இது:

1. நிழலில், பானெட் கைக்குக் குளிர்ச்சியாக இருக்கும்போது மட்டும் கழுவுங்கள்.
2. துணி படும் முன் வெறும் தண்ணீர் ஊற்றிப் புழுதியை ஓடவிடுங்கள்.
3. இரண்டு பக்கெட் வேண்டும். ஒன்றில் கார் ஷாம்பு, மற்றதில் வெறும் தண்ணீர். அழுக்குத் துணியை முதலில் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்பு பக்கெட்டில் முக்க வேண்டும். துணி மைக்ரோ ஃபைபராக இருந்தால் நல்லது.
4. கூரையில் தொடங்கிக் கீழே வாருங்கள். சேறு அடிக்கும் கீழ்ப்பகுதிக்கும் சக்கரத்துக்கும் தனித் துணி.
5. வட்டமாகத் தேய்க்காமல் நேர்கோட்டில் இழுங்கள். துணி கீழே விழுந்தால் அதை மறுபடி எடுத்துத் துடைக்கவே கூடாது.
6. கடைசியில் கனமான உலர்ந்த துணியை விரித்துப் போட்டு ஒற்றி எடுங்கள்.

துணி துவைக்கும் பவுடர் வேண்டாம். போட்டிருக்கும் மெழுகை அது அரித்துவிடும். மண்ணெண்ணெய் தொட்டுத் துடைப்பதும் வேண்டாம். அந்த எண்ணெய்ப் பசையில் அடுத்த புழுதி வந்து ஒட்டிக்கொள்ளும்.

வீட்டிலேயே பாலிஷ் செய்வது எப்படி?

முதலில் நகச் சோதனை. கீறலின் குறுக்கே நகத்தை மெல்ல ஓட்டுங்கள். நகம் சிக்கினால் அது பாலிஷில் போகாத ஆழம். விட்டுவிடுங்கள். அடுத்து, கழுவிய வண்டியில் கையை ஒரு பாலிதீன் பைக்குள் விட்டுத் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு இருந்தால் ரயில்வே தூசியோ பெயிண்ட் தூறலோ ஒட்டியிருக்கிறது என்று பொருள். அதற்கென்று விற்கும் களிமண் போன்ற 'கிளே' கட்டியை ஷாம்புத் தண்ணீர் தெளித்து மெல்ல ஓட்டினால் வழவழப்பாகிவிடும்.

பிறகு ரப்பர் பீடிங், கதவு விளிம்பு, பானெட்டின் மடிப்புக்கோடு எல்லாவற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். விளிம்பில்தான் பெயிண்ட் மிக மெல்லியது. பட்டறைகளில் பெயிண்ட் எரிவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

மெஷினில் இரண்டு வகை. ஒரே மையத்தில் சுற்றும் ரோட்டரி ஒன்று. சுற்றிக்கொண்டே ஆடும் டூயல் ஆக்‌ஷன் மற்றொன்று. ரோட்டரியில் சூடு ஒரே இடத்தில் சேரும், பழகிய கை வேண்டும். வீட்டில் செய்பவர்களுக்கு டூயல் ஆக்‌ஷனே பாதுகாப்பு. மெஷின் இல்லையா? சின்னக் கோடுகளுக்குக் கையும் ஒரு ஸ்பாஞ்சும் போதும், நேரம்தான் அதிகம்.

ஓர் அடிக்கு ஓர் அடி அளவில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, மிருதுவான ஸ்பாஞ்சிலும் மிக மென்மையான பாலிஷிலும் ஆரம்பியுங்கள். நாலு சொட்டுப் போதும். மெதுவாக, ஒரு வரிசையின் பாதி மேல் அடுத்த வரிசை விழும்படி ஓட்டுங்கள். அவ்வப்போது தகட்டைத் தொட்டுப் பார்த்து, சுட்டால் நிறுத்துங்கள். துடைத்துவிட்டு, தண்ணீர் கலந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் எண்ணெய்ப் பசையை எடுத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். கோடு உண்மையில் போயிருக்கிறதா, ஒளிந்திருக்கிறதா என்பது அப்போது தெரிந்துவிடும். நூற்றுக்கு எண்பது கோடு போனால் போதும் என்று நிறுத்துவதே புத்திசாலித்தனம். மிச்சம் இருபதை விரட்டினால் மைக்ரான் கணக்கு உதைக்கும்!

மெழுகும் செராமிக்கும்

பாலிஷ் எடுக்கிறது, மெழுகு சேர்க்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். நல்ல கார் மெழுகில் சேரும் கார்னௌபா, பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து கிடைக்கிறது. 80 டிகிரிக்கு மேல்தான் உருகும். ஆனால் சித்திரை வெயிலில் கறுப்பு பானெட் 70 டிகிரியைத் தொடக்கூடும். அதனால் நம்மூரில் சில வாரங்களே தாங்கும். தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக நிற்காமல் படர்கிறதா? அடுத்த மெழுகுக்கு நேரம் வந்துவிட்டது. இதற்குத் தேய்ப்பு தேவையில்லை, தடவித் துடைத்தால் போதும். எத்தனை முறை போட்டாலும் கிளியர் கோட் குறையாது.

செராமிக் கோட்டிங் சிலிக்கா கலந்த கடினமான மேற்பூச்சு. நீண்ட நாள் வரும். '9ஹெச்' என்று விளம்பரத்தில் போடுகிறார்களே, அது பென்சில் கடின அளவு, மோஸ் அளவு அல்ல. மணலும் கல்லும் அதையும் கீறும். கோடு விழுந்த பெயிண்ட் மேல் அப்படியே அடித்தால் கோடும் உள்ளேயே தங்கிவிடும்.

நம்மூர் எதிரிகள்

காக்கை எச்சம்: அமிலம் உண்டு. வெயிலில் பெயிண்ட் இளகி, மாலையில் இறுகும்போது அந்த அச்சு பதிந்துவிடும். பார்த்தவுடன் ஈரத்துணியைப் போட்டு ஊறவைத்து எடுங்கள்.

போர் தண்ணீர்: காய்ந்தால் சுண்ணாம்புப் புள்ளி. உடனே ஒற்றி எடுத்துவிடுங்கள்.

சந்தனம், குங்குமம்: ஆயுத பூஜைக்கு வைப்பது நம் வழக்கம், தாராளமாக வையுங்கள். ஆனால் காய்ந்ததை நகத்தால் சுரண்டாமல் அன்று மாலையே நனைத்து எடுங்கள். கண்ணாடி மேல் வைத்தால் இன்னும் நல்லது.

நண்பர்களே! ஒரு நல்ல டெக்னீஷியன் என்பவன் எதைக் கழற்ற வேண்டும் என்று தெரிந்தவன் மட்டுமல்ல, எதைத் தொடாமல் விட வேண்டும் என்றும் தெரிந்தவன். 40 மைக்ரான் கிளியர் கோட் நமக்குச் சொல்லும் பாடம் அதுதான். வாரம் ஒருமுறை ஒழுங்காகக் கழுவுங்கள், மாதம் ஒருமுறை மெழுகிடுங்கள், பாலிஷை மருந்து மாதிரி அளந்து கொடுங்கள். பக்கத்து வீட்டு டாக்சி அண்ணனுக்கும் மறக்காமல் சொல்லுங்கள்.