பழைய வண்டிகள் இரண்டு: ஓர் ஒப்பீடு

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கூலிக்குக் கார் ஓட்டும் என் தந்தையார், பதினைந்தாண்டுச் சேமிப்பில் சொந்தமாக ஒரு பழைய கார் வாங்க எண்ணி, "படிச்ச புள்ள, நீயே சொல்லு சாமி" என்றார்.

அயோத்தியாப்பட்டணம் பட்டறையில் நின்றவை இரண்டு: ஒன்று டீசல் அம்பாசிடர், மற்றொன்று 1983-இல் அறிமுகமான மாருதி 800. இரண்டின் உற்பத்தியும் 2014-இல் நின்றுவிட்டது. ஆற்றல் இரண்டுக்கும் ஏறத்தாழ 37 குதிரைத்திறன். எடையோ மாருதி சுமார் 650 கிலோ. அம்பாசிடர் சுமார் 1100 கிலோ.

குப்பனூர் வழியாக ஏற்காடு மலை ஏறினோம். தந்தையார் தனியே ஓட்டியபோது மாருதி பறந்தது. ஐவர் ஏறியதும் திணறியது. அம்பாசிடரில் அவ்வளவு மாற்றம் தெரியவில்லை. "பாத்தியா, கனமான வண்டிதான் இழுக்கும்" என்றார்.

காரணம் வேறு. ஐவரின் 300 கிலோ, மாருதியின் எடையில் ஏறக்குறையப் பாதி. அம்பாசிடரின் எடையில் கால் பங்கைச் சற்றே தாண்டும். ஆகவே மாற்றம் மாருதியில் மிகுதியாகத் தெரிகிறது. எனினும் சுமையோடு வகுத்துப் பார்த்தால், ஒரு குதிரைத்திறன் இழுக்க வேண்டியது மாருதியில் 26 கிலோ. அம்பாசிடரில் 38 கிலோ. இறக்கத்தில் பிரேக் தாங்கவேண்டிய வெப்பமும் எடைக்கேற்பக் குறையும். கொண்டை ஊசி வளைவில் சிறிய வண்டி எளிதில் திரும்பியது. குழிச் சாலையில் மட்டும் அம்பாசிடரே சொகுசு.

தந்தையார் கணக்கை இருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டார். மாருதிக்கு முன்பணம் கொடுத்தார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தேர்வில் விடை தவறினால் மதிப்பெண்தான் போகும்!

நண்பர்களே, பழைய வண்டி வாங்குவோர் சுமையேற்றி ஓட்டிப் பாருங்கள்; பிறகு வகுத்தும் பாருங்கள்.