சொல்லாமற் போன பிள்ளை



ஜிந்துப்பிட்டியில் மகளோடு வசிக்கும் முதிய தாய் ஒருவர், சென்ற கார்த்திகை மாதத் தொடக்கத்தில் பங்குமனைக்கு வந்தார். மரித்த ஆன்மாக்களை நினைவுகூரும் மாதம் அது. மரித்தோரின் பெயர்களை எழுதிக் கோயிலில் ஒப்புக்கொடுப்பது நம் வழக்கம். அவருடைய தாளில் தாய், தகப்பன், கணவர், தமையன் என நான்கு பெயர்கள் இருந்தன. ஐந்தாவதாக ஒரு பெயரை எழுதி வெட்டியிருந்தார்.

"சுவாமி, இது 1984இலை போன பிள்ளை. உயிரோடை இருக்கிற ஆக்களின்ரை பேரோடை எழுதுறதோ, செத்த ஆக்களின்ரை பேரோடை எழுதுறதோ?" என்று கேட்டார்.

அவரை இருக்கச் சொல்லி, கதையைக் கேட்டேன். அப்போது அவர்கள் மன்னாரில் இருந்தார்கள். மகனுக்கு வயது பத்தொன்பது. இரவு சாப்பிட்டுப் படுத்தவன், விடியற்காலையில் இல்லை. பாய் சுற்றிச் சுவரோடு சாத்தப்பட்டிருந்தது. இரண்டு சேட்டையும் ஒரு சாரத்தையும் காணவில்லை. படகேறி இந்தியாவுக்குப் பயிற்சிக்குப் போய்விட்டான் என்பது மூன்றாம் நாள்தான் தெரியவந்தது. "போனதைவிட, சொல்லாமல் போனதுதான் சுவாமி இண்டைக்கும் நெஞ்சிலை நிக்குது" என்றார் அந்தத் தாய்.

பிள்ளை படைப் பயிற்சிக்குப் புறப்படும்போது பெற்றோரின் உள்ளத்தில் என்ன நடக்கிறது? நம் சமூகத்தில் எத்தனையோ வீடுகளுக்குத் தெரிந்த, ஆனால் வெளியே பேசப்படாத இக்கேள்வியை இவ்வாரம் சேர்ந்து சிந்திப்போம்.

அந்த ஆண்டுகளில் நடந்தது

1983 ஜூலை 24ஆம் நாள் இரவு பொரளையில் மூண்ட வன்முறை கொழும்பு முழுவதும் பரவியதை மூத்தவர்கள் அறிவார்கள். வீடிழந்தவர்கள் இரத்மலானை விமான நிலையம் முதலிய இடங்களில் அகதிகளாகத் தங்கினர். பலர் கப்பலேறிக் காங்கேசன்துறையில் இறங்கினர். அதன் பின்னர் இளைஞர் பலர் இயக்கங்களில் சேர்ந்தனர். இரவோடு இரவாகப் பாக்குநீரிணையைக் கடந்தனர். வட இந்தியாவில் தேராதூனுக்கு அப்பாலுள்ள சக்ராதா மலைப் பகுதியிலும், தமிழ்நாட்டில் கொளத்தூர், சிறுமலை, ஒரத்தநாடு போன்ற இடங்களிலும் பயிற்சி முகாம்கள் இயங்கின.

அந்த அரசியலின் சரி பிழையை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. சுற்றி வைத்த பாயைப் பார்த்து நின்ற தாயையும் தகப்பனையும் பற்றியே பேசுகிறோம்.

ஒரே நெஞ்சில் நான்கு உணர்வுகள்

முதலில் வருவது பயம். கடலில் படகு கவிழ்ந்ததோ, கடற்படையிடம் அகப்பட்டானோ என்ற பயம். அடுத்தது கோபம். "பத்து மாதம் சுமந்த எனக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்ற கோபம். மூன்றாவது குற்றவுணர்வு. முதல்நாள் பரீட்சைப் பெறுபேற்றுக்காக ஏசிய தகப்பன், "நான் ஏசியதால்தான் போனானோ" என்று தம்மையே நொந்துகொண்டார். நான்காவதைச் சொல்லப் பலர் கூசுவார்கள். அதுதான் பெருமை. "என் பிள்ளை பயந்தவன் அல்லன்" என்று நெஞ்சின் ஒரு மூலையில் எழுந்த எண்ணம். பின்னர் மரணச் செய்தி வந்தபோது, அந்தப் பெருமையே பெற்றோரை முள்ளாய்க் குத்தியது.

இவை நான்கும் ஒருங்கே இருப்பது பாவமல்ல, பைத்தியமும் அல்ல. பெற்ற மனம் அப்படிப்பட்டது. ஆனால் அந்த நாட்களில் பெற்றோர் இவற்றுள் ஒன்றையேனும் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. சொன்னால் படையினர் வீட்டுக்கு வருவார்கள். தம்பிமாரைப் பிடித்துக்கொண்டு போவார்கள். ஆகவே, "திருச்சியிலே மாமா வீட்டில் நின்று படிக்கிறான்" என்று அயலவருக்குச் சொன்னார்கள். அழவேண்டிய இடத்தில் சிரித்துக்கொண்டு பொய் சொல்ல வேண்டியிருந்தது. 1986 ஏப்ரல் இறுதியில் இயக்கங்களே ஒன்றையொன்று கொல்லத் தொடங்கியபோது நிலைமை இன்னும் மோசமாயிற்று. பிள்ளையைக் கொன்றவர் யார் என்று கேட்பதுகூட ஆபத்தாயிற்று.

விடைபெற்றுப் போகும் இடம்

இதே பிரிவு வேறோரிடத்தில் எவ்வாறு நடக்கிறது என்று பாருங்கள். சிங்கப்பூரில் 1967 முதல் தேசிய சேவை கட்டாயமாக உள்ளது. அங்குள்ள தமிழ்க் குடும்பங்களின் ஆண்பிள்ளைகளும் பதினெட்டு வயதளவில் இரண்டு ஆண்டுகள் சேவை செய்ய வேண்டும். பெரும்பாலோர் அடிப்படைப் பயிற்சி பெறுவது புலாவ் தெக்கோங் என்னும் தீவில். முதல் நாளன்று பெற்றோரும் மகனோடு படகேறிப் போகிறார்கள். அவன் படுக்கப்போகும் கட்டிலைப் பார்க்கிறார்கள். உணவுக்கூடத்தில் அவனோடு அமர்ந்து சாப்பிடுகிறார்கள். அவன் உறுதிமொழி எடுப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

அந்தத் தாய்மாரும் திரும்பும் படகில் அழத்தான் செய்கிறார்கள். வீட்டில் ஒரு கட்டில் வெறுமையாகத்தான் கிடக்கிறது. ஆனாலும் பெரிய வேற்றுமை ஒன்று உண்டு. மகன் எங்கே இருக்கிறான் என்று அவர்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லி அழலாம். முத்தமிட்டு, நெற்றியில் சிலுவை வரைந்து, "கவனமாயிரு" என்று சொல்ல ஒரு வேளை கிடைத்தது. விடைபெறுதல் பிரிவின் வலியைப் போக்குவதில்லை. ஆனால் வலிக்கு ஓர் உருவமும் ஒரு பெயரும் கொடுக்கிறது. நம் மன்னார்த் தாய்க்குக் கிடைக்காதது இதுவே.

தோபித்து வீட்டில்

வேதாகமத்தில் தோபித்து ஆகமத்தை எடுத்து வாசியுங்கள். மகன் தோபியா தூரதேசத்துக்குப் புறப்படுகிறான். தாய் அன்னா அழுது, பிள்ளையை ஏன் அனுப்பினீர் என்று கணவனைக் குறைகூறுகிறாள். தகப்பன் ஆறுதல் சொல்கிறார். குறித்த நாளில் மகன் திரும்பாதபோது தகப்பனுக்கும் கலக்கம் பிறக்கிறது. ஆயினும் மனைவிக்கு முன் அதைக் காட்டுவதில்லை. அவளோ, தன்னை ஏய்க்க வேண்டாமென்று அவர் வாயை அடைக்கிறாள். நாள்தோறும் மகன் போன வழியைப் பார்த்திருக்கிறாள்; உண்ண மறுக்கிறாள்; இரவெல்லாம் அழுகிறாள்.

நம் வீடுகளில் நடப்பது இதுதானே! தாய் அழுகிறாள், தகப்பன் பேசாமல் இருக்கிறார். அழாததால் அவருக்கு அன்பில்லை என்று அவள் நினைக்கிறாள். அழுவதால் அவளுக்கு விசுவாசமில்லை என்று அவர் நினைக்கிறார். இருவரும் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள். ஒரே பிரிவு இரண்டு நெஞ்சங்களில் இரண்டு விதமாக வலிக்கிறது. இதை உணராமல், பிள்ளையை இழந்த பின் ஒருவரையொருவரும் இழந்த தம்பதிகள் நம்மிடையே உண்டு.

பறிக்கப்பட்ட பிள்ளைகள்

சொல்லாமற் போனவர்களைப் பற்றிப் பேசும்போது, விருப்பமின்றிக் கொண்டுபோகப்பட்டவர்களை மறக்கலாகாது. 1989இல் வடக்கு கிழக்கில் தமிழ்த் தேசிய இராணுவம் என்ற பெயரில் இளைஞர்கள் தெருவிலேயே பிடிக்கப்பட்டனர். போரின் இறுதி ஆண்டுகளில் வன்னியில் வீட்டுக்கு ஒருவர் என்று புலிகள் கட்டாயமாகச் சேர்த்தனர். 2009இல் வலைஞர்மடம் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த இளையோர் நூற்றுக்கணக்கில் அங்கிருந்தே கொண்டு செல்லப்பட்டனர்.

இதற்கு அஞ்சியே பெற்றோர் பலர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்கு ஓடிவந்தனர். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் லொட்ஜ் அறைகளில் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தனர். அங்கும் அமைதியில்லை. 2007 ஜூன் 7ஆம் நாள் விடியுமுன் கொழும்பு லொட்ஜ்களிலிருந்து 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர்நீதிமன்றம் அந்நடவடிக்கையைத் தடுத்தது.

ஒன்றைத் தெளிவாக அறிந்திருங்கள். 2000ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமை நெறிமுறையின்படி, பதினெட்டு வயதுக்குட்பட்ட எவரையும் எந்த அரசும் கட்டாயமாகப் படையில் சேர்க்கலாகாது. அரசு சாராத ஆயுதக் குழுக்கள் அவர்களை எவ்வகையிலும் சேர்க்கலாகாது. அவ்வயதினர் தாமாக அரச படையில் சேர முன்வந்தாலும், நன்கறிந்து அளிக்கப்படும் பெற்றோரின் சம்மதம் வேண்டும். உலகச் சட்டமே பெற்றோரைக் கேட்காமல் பிள்ளையைக் கொண்டுபோகாதே என்கிறது. ஆகவே "எனக்குச் சொல்லவில்லையே" என்ற தாயின் முறையீடு வெறும் மனத்தாங்கல் அன்று. அது அவளுடைய உரிமை.

நாம் செய்ய வேண்டியவை

இன்று பயிற்சிக்கான படகுகள் இல்லை. ஆனால் நம் பிள்ளைகள் மத்திய கிழக்குக்கும் இத்தாலிக்கும் கனடாவுக்கும் போகிறார்கள். உள்ளத்தில் எழும் உணர்வுகள் பெரிதும் அவையே.

புறப்படும் பிள்ளையிடம் முதல்நாள் கடனையும் வட்டியையும் மட்டும் பேசாதீர்கள். "நீ போவது எனக்குப் பயமாயிருக்கிறது. ஆனாலும் என் ஆசீர் உனக்கு உண்டு" என்று வாய்திறந்து சொல்லுங்கள். எந்த நிலையில் திரும்பினாலும் கதவு திறந்திருக்கும் என்பதையும் சொல்லுங்கள். தோற்றுப்போன பிள்ளை வீடு திரும்ப அந்த வார்த்தைதான் வழிச்செலவு.

இளைஞர்களே, பெற்றோர் தடுப்பார்கள் என்று பயந்து சொல்லாமற் போகாதீர்கள். அவர்கள் அழுவதைப் பார்க்க முடியாதென்றால், அந்த அழுகையை அவர்கள் வாழ்நாள் முழுவதும் தனியே அழ விடுவது நியாயமா?

அயலவர்களே, "ஏன் போகவிட்டீர்கள்?" என்று எந்தத் தாயையும் கேட்காதீர்கள். அந்தக் கேள்வியை அவள் தன்னிடமே கேட்டுக் களைத்துவிட்டாள். "பிள்ளையின் பெயர் என்ன? எப்படிப்பட்ட பிள்ளை?" என்று கேளுங்கள். செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் மெழுகுதிரியோடு நிற்கும் முதியவர்களுள் இக்கேள்விக்காகக் காத்திருப்போர் இருக்கலாம்.

அந்தத் தாய்க்கு நான் சொன்ன பதில் இதுதான்: "அம்மா, ஒரே திருப்பலியில் உயிருள்ளவர்களையும் மரித்தவர்களையும் ஒப்புக்கொடுக்கிறோம். இரண்டிலும் எழுதுங்கள். அவன் எதில் இருக்கிறான் என்று ஆண்டவருக்குத் தெரியும்." அவர் புதிய தாள் ஒன்று கேட்டு வாங்கினார். பெயரை முழுமையாக, வெட்டாமல், இரண்டு முறை எழுதினார். நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அன்றுதான் அதைத் தம் கையால் எழுதியதாகச் சொன்னார்.

குடும்பமாகச் சிந்திக்க

1. நம் வீட்டில் பேசப்படாத ஒரு பிரிவு உண்டா? அந்தப் பெயரைக் கடைசியாக எப்போது சொன்னோம்?

2. தாயும் தகப்பனும் தம் துக்கத்தை எவ்வாறு வெவ்வேறாகக் காட்டுகிறார்கள்? பிள்ளைகளுக்கு அது விளங்குகிறதா?

3. நம் தெருவில் பிள்ளைக்காகக் காத்திருக்கும் பெற்றோர் யார்? இந்த வாரம் அவர்களைப் போய்ப் பார்ப்போமா?