நகல் வைத்துக்கொண்டு பேசுங்கள்

வணிகப் பெருமக்களுக்கும், பகலில் கல்லூரிக்குப் போய்விட்டு மாலையில் கல்லாவில் உட்காரும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இந்தப் பாடம்.

நாம் நாள் முழுவதும் பேசிப் பிழைக்கிறவர்கள். துவரம்பருப்பு ஏன் ஏறியது என்பதை ஒரே காலையில் நாற்பது பேருக்குச் சலிக்காமல் விளக்குகிறோம். ஆனால் சங்கக் கூட்டத்தில் மைக் முன்னால் நின்றாலோ, மனுவோடு ஓர் அதிகாரியின் அறைக்குள் நுழைந்தாலோ, ஒன்று நாக்கு ஒட்டிக்கொள்கிறது. இல்லையென்றால் "வியாபாரமே அழிந்துபோச்சு" என்று சத்தம் போடுகிறோம். இரண்டாலும் காரியம் ஆவதில்லை. பிள்ளைகளோ பட்டிமன்றம் பார்த்து வளர்ந்தவர்கள். கைதட்டல் விழுந்தால் வாதம் ஜெயித்துவிட்டதாக நினைக்கிறார்கள்.

பேச்சு என்றதும் நம் பகுதியில் நினைவுக்கு வரவேண்டிய இடம் மயிலாப்பூர் லஸ்ஸில் ரானடே நூலகத்தை ஒட்டிய சீனிவாச சாஸ்திரி ஹால். 'வெள்ளி நாக்கு' என்று பெயர் வாங்கிய சாஸ்திரியார், 1904-ல் திருவல்லிக்கேணிக் கூட்டுறவுப் பண்டகசாலையை, அதாவது டி.யு.சி.எஸ்.ஸைத் தொடங்கியவர்களில் ஒருவர். நமக்குப் போட்டிக்கடை போட்டவர் என்றும் சொல்லலாம்! 1927 முதல் 1929 வரை தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் முதல் ஏஜெண்டாக இருந்து அங்குள்ள இந்தியர்களுக்காகப் பேசியவரும் அவரே. ஆனால் அவர் பள்ளிக்கூடத் தலைமையாசிரியராக இருந்தவர். வகுப்பிலேயே பேசிப் பழகியவர். நமக்குப் பாடமாகக்கூடியவர் அவருக்கு முன்னால் அதே நாட்டில், அதே மக்களுக்காகப் பேசிய இன்னொருவர். அவருக்குப் பேசவே வராது.

அவர் காந்தி. லண்டனில் படித்து பாரிஸ்டராகி வந்தவர், பம்பாய் ஸ்மால் காசஸ் கோர்ட்டில் முதல் வழக்கில் எழுந்து நின்றார், தலை சுற்றியது. ஒரு கேள்வியும் கேட்க முடியாமல் உட்கார்ந்து, வாங்கிய 30 ரூபாய் பீஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். 1893-ல் டர்பன் வியாபாரி தாதா அப்துல்லாவின் வழக்குக்காகத் தென்னாப்பிரிக்கா போனார். தம் முதல் மேடைப் பேச்சு என்று அவரே சொல்லக்கூடியதைப் பிரிட்டோரியா நகரில் நிகழ்த்தினார். கேட்டவர்கள் யார் தெரியுமா? பெரும்பாலும் மேமன் வியாபாரிகள். தலைப்பு: வியாபாரத்தில் உண்மை.

வியாபாரிகளிடம் போய் இதைப் பேசுவது எவ்வளவு ஆபத்து என்று நமக்குத் தெரியும். அவர் செய்தது, "உண்மை பேசினால் வியாபாரம் நடக்காது" என்று வியாபாரிகளே சொல்லி வந்த கட்சியை எடுத்துக்கொண்டு அதற்கே பதில் சொன்னது. காரணமும் அவர்களுடைய நிலைமையிலிருந்தே வந்தது. அந்நிய நாட்டில் நாலு இந்தியர் நடப்பதை வைத்துத்தான் கோடிக்கணக்கான இந்தியரை எடைபோடுவார்கள் என்றார். கல்லூரிப் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். போட்டிக்குத் தயார் செய்யும்போது முதலில் எதிர்க்கட்சியின் பேச்சை ஒரு பக்கம் எழுதுங்கள். அது பலவீனமாக வந்தால் உங்களுக்கு விஷயம் இன்னும் புரியவில்லை என்று அர்த்தம்.

1896-ல் காந்தி ஊருக்கு வந்து, நேட்டால் இந்தியரின் குறைகளைப் பல ஊர்களில் எடுத்துச் சொன்னார். பம்பாய்க் கூட்டத்துக்கு முந்தின நாள் சர் பெரோஸ்ஷா மேத்தா, "பேச்சு தயாரா?" என்று கேட்டார். நேரில் தோன்றுவதைப் பேசிவிடலாம் என்று இருந்தார் காந்தி. அது இங்கே ஆகாது, பத்திரிகைக்காரர்கள் சரியாக எழுதமாட்டார்கள், விடிவதற்குள் எழுதி அச்சடித்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார் மேத்தா. அப்படியே நடந்தது. கூட்டத்தில் காந்தியின் குரல் எடுபடாமல், அச்சடித்த பேச்சை வாச்சா வாசித்தார் என்பது வேறு விஷயம்.

அக்டோபர் 26-ம் தேதி சென்னை பச்சையப்பன் மண்டபம். இங்கேயும் அச்சடித்த பேச்சுதான், நீளமானதும்கூட. ஆனாலும் ஜனங்கள் அசையாமல் கேட்டார்கள். காரணம் பாலசுந்தரம். முதலாளி அடித்துப் பல் உடைந்து, தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி டர்பனில் காந்தியிடம் வந்த தமிழ்க் கூலித் தொழிலாளி. அந்தச் சம்பவத்தால் சென்னை முன்பே நெகிழ்ந்திருந்தது. ஒப்பந்தம் முடிந்தும் தங்குகிறவர் ஆண்டுக்கு 3 பவுன் வரி கட்ட வேண்டும் என்று சொன்னால் தலையாட்டுவார்கள். உடைந்த பல்லைச் சொன்னால் வரியும் புரிகிறது.

அந்த வழக்கில் இன்னொரு நுட்பம் உண்டு. முதலாளிக்குத் தண்டனை வேண்டும் என்று காந்தி கேட்கவில்லை. ஆளை வேறு முதலாளிக்கு மாற்றிவிடுங்கள், போதும் என்றார். எதிரில் இருப்பவரால் கொடுக்க முடிந்ததைக் கேட்டார், கிடைத்தது.

இனி ஆபத்தான கட்டம். காந்தி எழுதிய பச்சை அட்டைப் புத்தகம் வேண்டுமென்றே குறைத்துச் சொல்லப்பட்டது. முன்பு நேட்டாலில் எழுதியதைவிட மென்மையானது. ஆனால் அதன் சுருக்கம் தந்தியில் லண்டன் போய், அங்கிருந்து இன்னும் சுருங்கி நேட்டால் சேர்ந்தபோது, இந்தியரைக் கொள்ளையடிக்கிறார்கள், மிருகம்போல் நடத்துகிறார்கள் என்று ஆகிவிட்டது. 1897 ஜனவரி 13-ல் டர்பனில் இறங்கியவரை வெள்ளைக்காரக் கும்பல் கல்லாலும் முட்டையாலும் அடித்து, உதைத்தது. போலீஸ் சூப்பரிண்டெண்டெண்டின் மனைவி குடையை விரித்துக் குறுக்கே நின்றிராவிட்டால் உயிர் தப்பியிருப்பது சந்தேகம். அன்று கப்பலிலேயே தன்னைப் பேட்டி கண்ட பத்திரிகை நிருபருக்கு, இந்தியாவில் பேசியதெல்லாம் எழுத்தில் இருக்கிறது, நேட்டாலில் சொல்லாத எதையும் அங்கே சொல்லவில்லை என்று காட்ட அவரிடம் நகல் இருந்தது. பேட்டி வெளியானதும் வெட்கப்பட்டவர்கள் டர்பன் வெள்ளைக்காரர்கள். மேத்தா சொன்ன புத்தி காப்பாற்றியது. பில் போட்டுக் கார்பன் நகல் வைத்திருக்கிறவனுக்கு இது விளங்கும்.

சரி, நம் தெருவுக்கு வருவோம். மெட்ரோ பணிக்காகப் பாதையைத் திருப்பிவிட்டதால் பனகல் பூங்காப் பக்கமோ லஸ் பக்கமோ உள்ள கடைகளுக்காக மனு கொடுக்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். "பாதி வியாபாரம் போச்சு" என்று வாயால் சொல்லாதீர்கள். அடைப்புக்கு முந்தின ஆண்டு இதே மாதத்து ஜி.எஸ்.டி. கணக்கையும் இந்த ஆண்டுக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பத்துக் கடை சேர்ந்தால் இன்னும் நல்லது. குறைவு பாதி இல்லை, கால்தான் என்றால் கால் என்றே எழுதுங்கள். லாரி நின்றால் பஸ் போகாதே என்று போக்குவரத்து போலீஸ் சொல்வார்கள்; அதை நீங்களே முதலில் சொல்லி, காலை ஏழு மணிக்குள் சரக்கு இறக்கிக்கொள்கிறோம் என்று பதிலும் வையுங்கள். மெட்ரோ வேலையை நிறுத்து என்று கேட்டால் அந்த அதிகாரியால் முடியாது. 'கடைகள் திறந்திருக்கின்றன' என்று தடுப்பின்மேல் ஒரு பலகை வைக்க அவரால் முடியும். அதைக் கேளுங்கள்.

எல்லாம் ஒரே தாளில் அடங்கட்டும். பேசுகிறவர் ஒருவரே, மற்றவர்கள் கூட நிற்கலாம், குறுக்கே பேசக் கூடாது. (நம் ஆட்களிடம் இதுதான் கஷ்டம்.) முந்தின இரவு கடை சாத்தியதும் மகனையோ மகளையோ அதிகாரியாக உட்காரவைத்து ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். ஐந்து நிமிஷத்தைத் தாண்டினால் வெட்டுங்கள்.

எத்தனை நகல் எடுப்பது? பச்சையப்பன் மண்டபத்தில் பச்சைப் புத்தகத்துக்கு விழுந்த தள்ளுமுள்ளைப் பார்த்து, காந்தி சென்னையிலேயே இன்னொரு 10,000 பிரதி அச்சடித்தார். தேவையைக் கூட்டிப் போட்டுவிட்டோம் என்று பிறகு தெரிந்தது. நமக்குப் பத்துப் போதும்: அதிகாரிக்கு ஒன்று, கவுன்சிலருக்கு ஒன்று, பத்திரிகைக்காரர்களுக்கு நாலு, மீதி சங்கத்துக் கோப்பில்.